பதிவேட்டின் கட்டங்களை வரைவது யார்?

நிகழ்ந்த செயல் ஒன்றுக்குப் பின்னாளில் சான்றாக நிற்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் எழுதப்பட்டு, எழுதிய நாளும் எழுதியவர் இன்னார் என்பதும் விளங்கும்படி காக்கப்படும் தகவலையே ஆவணவியலார் பதிவு என்கின்றனர். மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பு, வட்டாட்சியர் அலுவலகத்தின் பட்டா, பள்ளியின் வருகைப் பதிவேடு ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. 2001-இல் வெளியாகி 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 15489 என்னும் பன்னாட்டுத் தரநிலை, சான்றாக ஏற்கத்தக்க பதிவுக்கு நான்கு தன்மைகள் வேண்டும் என்கிறது: போலியாக இல்லாமை, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறும் நம்பகம், உரிமையற்ற எவராலும் பின்னர் திருத்தப்படாத முழுமை, வேண்டும்போது தேடியெடுத்துப் பொருளறியத்தக்க பயன்பாடு. இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் நான்காவதையும் கடவுச்சொல், மின்கையொப்பம், அட்டவணைப்படுத்தல் போன்ற ஏற்பாடுகளால் பெருமளவு காத்துவிடலாம். இரண்டாவதை அவ்வாறு காக்க இயலாது. ஏனெனில் ஒரு பதிவின் நம்பகம் அது எழுதப்படும் கணத்திலேயே, எழுதுபவருக்கு வாய்த்த நேரத்தையும் அறிவையும் அக்கறையையும் பொறுத்து முடிவாகிவிடுகிறது. அதன்பின் எத்தனை வலிய பூட்டைப் போட்டாலும் உள்ளே இருப்பது மெய்யாகிவிடாது.

எழுதுபவருக்கு அந்த அக்கறை ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வி எளியதாகத் தோன்றினாலும், பதிவேட்டு முறைகளை வடிவமைப்போர் நெடுங்காலம் அதைக் கேட்கவில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் பதிவை எழுதுபவர் ஒருவர், அதனால் பயன் பெறுபவர் வேறொருவர். செவிலியர் எழுதியதைப் புள்ளியியலாளர் கூட்டுகிறார், எழுத்தர் எழுதியதைத் தணிக்கையாளர் சரிபார்க்கிறார், காவலர் எழுதியதை நீதிமன்றம் படிக்கிறது. பலர் கூடிப் பயன்படுத்தும் கணினி அமைப்புகள் ஏன் தோற்கின்றன என்பதை 1988-இல் ஆராய்ந்த ஜொனாதன் கிரூடின், கூடுதல் வேலையைச் சுமப்போரும் அதன் ஆதாயத்தை அடைவோரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். பதிவேடு இந்த முரண்பாட்டின் மிகப் பழைய வடிவம் என்று சொல்லலாம். மேலிடம் வரைந்த கட்டங்களைக் கீழிடம் நிரப்புகிறது. நிரப்புபவருக்கு அந்தக் கட்டத்தால் ஒரு பயனும் இல்லையெனில் அது வெறுமையாக விடப்படும், அல்லது அதைவிடக் கேடாக, கையில் வந்த எண்ணால் நிரப்பப்படும்.

வெறுமையாக விடப்பட்ட கட்டத்தைச் சோம்பலின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்தை முதன்முதலில் தீவிரமாக மறுத்தவர்களுள் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் குறிப்பிடத்தக்கவர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தைச் சேர்ந்த மனநல வெளிநோயாளர் மருத்துவமனை ஒன்றில், சிகிச்சை நாடி வருவோருள் எவரெவர் எவ்வகையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பதை அறிய விரும்பிய அவரது குழு, நோயாளிக் கோப்புகளைப் புரட்டியபோது வேண்டிய விவரங்கள் பலவும் அவற்றில் இல்லாததைக் கண்டது. 1967-இல் வெளியான நூலில் அவர் இதற்குக் கூறிய விளக்கம் இன்றும் கூர்மை குறையாதது. அக்கோப்புகள் புள்ளிவிவரம் திரட்டுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அந்த மருத்துவமனையின் நடைமுறையை ஏற்கெனவே அறிந்த சக பணியாளர் படிப்பதற்கும், பின்னாளில் கேள்வி எழுந்தால் நோயாளியிடம் முறையாகவே நடந்துகொண்டோம் என்று காட்டுவதற்கும் எழுதப்பட்டவை. எந்தக் கேள்வி எப்போது வரும் என்று முன்கூட்டி அறிய முடியாத நிலையில், பல பொருள் தரும்படி சுருக்கமாக எழுதி வைப்பதே அவர்களுக்கு அறிவுடைய செயலாக இருந்தது. ஆராய்ச்சியாளரின் பார்வையில் மோசமான பதிவு, எழுதியவரின் பணியிடத்தில் நல்ல பதிவாக இருக்க முடியும் என்பதே இதன் சாரம்.

ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் கிறிஸ்டியன் ஹீத்தும் பால் லஃபும் இதே சிக்கலை மறுபுறமிருந்து அணுகினர். அங்கே குடும்ப மருத்துவர்கள், 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சரின் பெயரால் லாயிட் ஜார்ஜ் உறை எனப்படும் சிறு உறைகளில் ஒவ்வொரு நோயாளியின் அட்டைகளையும் வைத்திருந்தனர். ஒரு வருகைக்கு அட்டையில் எழுதப்படுவது பெரும்பாலும் ஓரிரு வரிகளே: தேதி, நோயைக் குறிக்கும் ஒரு சொல், மருந்தின் பெயர். ஆனால் அந்த ஓரிரு வரிகளுக்குள் நுட்பமான இலக்கணம் ஒன்று இயங்கியது. மருந்தின் பெயரே நோயைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் நோயின் பெயர் எழுதப்படவில்லை. நோயின் பெயருக்குப் பின் இடப்பட்ட கேள்விக்குறி மருத்துவரின் ஐயத்தைச் சொன்னது. அடுத்தடுத்த வருகைகளில் நோயின் பெயர் திரும்ப எழுதப்படாவிட்டால் அதே நோய் தொடர்கிறது என்று பொருள்பட்டது. வேறொரு மருத்துவர் அட்டையை எடுத்து, மேலிருந்து கீழாகச் சில விநாடிகள் கண்ணோட்டியே நோயின் வரலாற்றைப் படித்துவிட முடிந்தது.

இந்த அட்டைக்குப் பதிலாக வந்த கணினி முறை, நோய்க்கு ஒரு கட்டமும் மருந்துக்கு ஒரு கட்டமும் தந்து, ஒவ்வொரு வருகையையும் தனித்தனிப் பதிவாக்கியது. ஐயத்தையோ, ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் உள்ள தொடர்பையோ, வேண்டுமென்றே எழுதாமல் விட்டதன் பொருளையோ அதில் எளிதாக ஏற்ற முடியவில்லை. எனவே மருத்துவர்கள் கணினியையும் பயன்படுத்தினர், அட்டையையும் கைவிடவில்லை. ஒரே வேலை இரண்டு முறை செய்யப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வடிவமைப்பாளர்கள் மருத்துவர்களிடம் சென்று அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் தேதி, நோய், மருந்து என்ற சரியான விடையே கிடைத்திருக்கும். அவ்விடையைக் கொண்டு உருவாக்கும் முறையும் இதே தவறான முறையாகத்தான் முடிந்திருக்கும். பழகிய கையின் திறமை சொல்லில் வருவதில்லை, ஆகவே பயனரைக் கேட்பதும் பயனரை ஈடுபடுத்துவதும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை நடைமுறையாக வளர்த்தெடுத்த பெருமை வட ஐரோப்பிய நாடுகளுக்கு உரியது. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கம், தொழிற்சாலைகளில் புகுத்தப்பட்டுவந்த கணினித் திட்டமிடல் முறைகள் தன் உறுப்பினர்களின் வேலையை எவ்வாறு மாற்றும் என்று அறிய விரும்பி, நார்வே கணினி மையத்தைச் சேர்ந்த கிறிஸ்டன் நைகார்டுடன் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தாய்மொழியான சிமுலாவை ஓலே-யோஹான் டாலுடன் இணைந்து படைத்தவரும், அதற்காகப் பின்னர் 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றவருமான நைகார்டு, இந்த ஆய்வில் வல்லுநர் அறிக்கை எழுதிக் கொடுப்பதை நோக்கமாகக் கொள்ளாமல், தொழிலாளர்களே தங்கள் ஆலையின் கணினி முறையை ஆராய்ந்து அதன்மீது கோரிக்கை வைக்கும் ஆற்றலைப் பெறுவதையே ஆய்வின் விளைவாகக் கருதினார். இதன் தொடர்ச்சியாக 1975-இல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் கூட்டமைப்புக்கும் இடையே கணினி முறைகள் குறித்த உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. 1977-ஆம் ஆண்டின் பணிச்சூழல் சட்டம் தொழிலாளரின் பங்கேற்பைச் சட்ட உரிமையாக்கியது. பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று அழைக்கப்படும் துறையின் பிறப்பிடம் இதுவே. பொத்தான் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று பயனரிடம் வாக்கெடுப்பு நடத்துவதையே பங்கேற்பு என்று கொள்ளும் இன்றைய நிறுவனங்கள், அது உரிமைப் போராட்டமாகத் தொடங்கியதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

1981 முதல் 1985 வரை ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் அச்சுத் தொழிலாளர் சங்கங்களுடன் நடந்த உட்டோப்பியா திட்டம், அடுத்த படியை எடுத்து வைத்தது. இன்னும் உருவாகாத கணினியின் பயன்பாட்டை அச்சுத் தொழிலாளரிடம் சொல்லில் விளக்க முடியாமல் தவித்த ஆய்வாளர்கள், அட்டைப் பெட்டிகளையும் காகிதங்களையும் கொண்டு போலிக் கணினிகளைச் செய்து மேசைமீது வைத்தனர். அச்சுத் தொழிலாளர்கள் அவற்றின்முன் அமர்ந்து பக்கம் அமைப்பதுபோல் வேலை செய்துகாட்ட, எது இடறுகிறது என்பது கையசைவிலேயே வெளிப்பட்டது. இன்று மென்பொருள் துறையில் பரவலாகப் பயன்படும் காகித முன்மாதிரியின் மூதாதைகளுள் ஒன்று இந்த அட்டைப் பெட்டி.

பதிவேட்டுக்கு மிக நெருங்கிய சோதனை ஆஸ்லோவில் நடந்தது. 1983 முதல் 1987 வரை ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் க்ரோ பியர்க்னெஸ், டோனெ பிராட்டெடைக் ஆகியோர் மருத்துவமனைச் செவிலியருடன் சேர்ந்து நடத்திய திட்டத்துக்கு ஃப்ளோரன்ஸ் என்று பெயர். செவிலியத்தைத் தொழிலாக நிலைநாட்டியவரும், மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை முறைப்படுத்தப் பாடுபட்டவருமான நைட்டிங்கேலின் பெயர் இதற்குப் பொருத்தமானதே. ஆய்வாளர்கள் உடனே நிரல் எழுத உட்காரவில்லை. அவர்கள் நோயாளிக் கூடத்தில் செவிலியரைப் பின்தொடர்ந்து அவர்களது வேலையைக் கற்றனர். செவிலியருக்குக் கணினியின் இயல்பும் வரம்பும் கற்பிக்கப்பட்டன. பரஸ்பரக் கற்றல் என்று அழைக்கப்படும் இம்முறையின் அடிப்படை எளியது: கணினியால் என்ன முடியும் என்று அறியாதவரால் அதனிடம் கேட்க முடியாது, வேலை எப்படி நடக்கிறது என்று அறியாதவரால் அதற்குக் கருவி செய்ய முடியாது.

அவ்வாறு கற்றபின் செவிலியர் கேட்டது நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்பும் முறையை அன்று. மருத்துவமனையில் ஒரு நாளில் பணி முறை மாறும் ஒவ்வொரு முறையும், செல்லும் செவிலியர் வரும் செவிலியருக்கு ஒவ்வொரு படுக்கையின் நிலையையும் ஒப்படைக்க வேண்டும். எந்த நோயாளிக்கு எந்தப் பரிசோதனை நிலுவையில் உள்ளது, எவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பவையெல்லாம் இந்த ஒப்படைப்பில்தான் கைமாறுகின்றன. அலுவல்முறைப் பதிவேடு நாள் முழுதும் திரண்ட விவரங்களின் கிடங்காக இருக்க, வேலை நடப்பதோ சட்டைப்பையில் இருக்கும் கசங்கிய துண்டுச்சீட்டைக் கொண்டு. ஃப்ளோரன்ஸ் திட்டத்தில் உருவான சிறு கணினி முறை, இந்த அன்றாடப் பணித்தாளுக்கும் ஒப்படைப்புக்கும் துணையாக அமைந்தது. அதன் அளவு சிறியது, தொழில்நுட்பமும் பெரிதன்று. ஆனால் எழுதுபவரே முதல் வாசகராகவும் இருக்கும் பதிவில் நம்பகம் தானே வரும் என்ற உண்மைக்கு அது தெளிவான சான்று. தவறான குறிப்பால் முதலில் இடர்ப்படுபவர் அடுத்த முறைக்கு வரும் தோழியே என்னும்போது, கண்காணிப்பாளர் தேவைப்படுவதில்லை.

பயனரை அழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோருக்கு, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அனுபவம் எச்சரிக்கை. 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க முனைந்த அவ்வமைப்பு, முகவர்களையும் பொறியாளர்களையும் மாதக்கணக்கில் கூட்டங்களில் அமர்த்தி, 800 பக்கங்களுக்கும் மேற்பட்ட தேவைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. முகவர்கள் திரையின் தோற்றம் வரை விவரித்தனர். ஒருவர் கேட்டதோடு மற்றொருவர் கேட்டதும் சேர்ந்து பட்டியல் வளர்ந்துகொண்டே போயிற்று. வேலை நடக்கும்போதே தேவைகளும் மாறின. நிர்வாகக் குழப்பங்களும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின் 2005-இல் அந்த முறை கைவிடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பிய சென்டினல், பிற்காலத்தில் சிறு பகுதிகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் காட்டித் திருத்தி வளர்க்கும் வழிக்கு மாறியபின், 2012-இல் முழுமை பெற்றது. கூட்ட அறையில் கற்பனையாகச் சொல்லப்படும் தேவைக்கும், கையில் கருவி இருக்கும்போது உணரப்படும் தேவைக்கும் உள்ள தூரத்தை அந்த 800 பக்கங்கள் அளந்து காட்டுகின்றன.

ஒரு நோயாளிக் கூடத்தில் வெற்றி பெற்ற முறையை ஒரு நாட்டுக்கு விரிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை தென்னாப்பிரிக்காவில் தேடப்பட்டது. நிறவெறி ஆட்சியின்போது அந்நாட்டின் சுகாதார நிர்வாகம் இனவாரியாகவும் தாயகங்கள் என்று பிரித்துவைக்கப்பட்ட பகுதிவாரியாகவும் 14 துறைகளாகச் சிதறிக் கிடந்தது. துறைக்குத் துறை படிவங்கள் வேறுபட்டன. கீழிருந்து மேலே சென்ற எண்கள், அனுப்பிய மருத்துவ நிலையத்துக்கு எந்தப் பயனுள்ள வடிவிலும் திரும்பி வரவில்லை. 1994-இல் ஆட்சி மாறியதும், நார்வேயைச் சேர்ந்த யோர்ன் பிரா உள்ளிட்ட ஆய்வாளர்களும், மேற்கு கேப், கேப் டவுன் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோரும் கேப் டவுனின் மூன்று மாவட்டங்களில் புதிய தகவல் முறையை முயன்று பார்த்தனர். மென்பொருளைவிட முதன்மையாக அவர்கள் கருதியது, செவிலியரும் மாவட்ட அலுவலர்களும் கூடி, சேகரிக்க வேண்டிய விவரங்களின் குறைந்தபட்சப் பட்டியலை முடிவு செய்வதை. ஒரு விவரம் எந்த முடிவுக்குப் பயன்படும் என்று சொல்ல முடியாவிட்டால் அதற்குப் பட்டியலில் இடம் தருவதில் பொருளில்லை. இந்த அளவுகோலைக் கையிலெடுத்தால் பழைய படிவங்களின் பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடும்.

எனினும் குறைந்தபட்சப் பட்டியலில் ஒரு சிக்கல் இருந்தது. காசநோய்ப் பிரிவு கூடுதல் விவரம் கேட்கும், தாய்சேய் நலப் பிரிவு வேறொன்று கேட்கும், ஓர் ஊருக்கே உரிய தேவையும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் ஏற்றினால் பட்டியல் மீண்டும் வீங்கிவிடும். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு தரநிலைகளின் படிநிலை எனப்படுகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான விவரங்கள் மிகச் சில. மாகாணம் தன் தேவைக்கு மேலும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவட்டமும் மருத்துவ நிலையமும் அவ்வாறே தத்தம் அளவில் சேர்க்கலாம். ஒவ்வொரு படியும் தனக்கு மேலுள்ள படி கேட்பதைக் கொடுத்தாக வேண்டும், ஆனால் தான் சேர்த்ததை மேலே அனுப்ப வேண்டியதில்லை. இதை நடைமுறையாக்க, நிரலாளரின் உதவியின்றி உள்ளூர் அலுவலரே புதிய விவரக் கட்டங்களைச் சேர்க்கும்படி மென்பொருள் அமைக்கப்பட்டது. மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருள் என்ற அந்த இலவச நிரல் சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா முழுமைக்கும் பரவியது. கட்டங்களை வரையும் அதிகாரம் ஓரளவேனும் நிரப்புபவர் கைக்கு வந்தது என்பதே இதில் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் பெரிய மாற்றம்.

2000-இல் இம்முயற்சி இந்தியாவுக்கு வந்தபோது கால் ஊன்றிய இடம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் குப்பம். இணையவழி இயங்கும் அந்த மென்பொருளின் இரண்டாம் பதிப்பு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 2006-இல், கேரளத்தில். இலங்கையிலும் இதே மென்பொருளைப் பயன்படுத்திய குழு இருந்ததால், 2020 ஜனவரி இறுதியில் கொரோனா அச்சம் எழுந்ததும், நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பதிவு செய்யும் புதிய பகுதியை அங்கேயே விரைந்து உருவாக்க முடிந்தது. பிற நாடுகள் பின்னர் அதை எடுத்துத் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டன. ஆயினும் தெற்காசியாவில் கிராம சுகாதாரச் செவிலியரின் சுமை இதனால் தீர்ந்துவிட்டதாகக் கூற முடியாது. ஒரு கருவுற்ற பெண்ணின் விவரம் கர்ப்பிணிப் பதிவேட்டிலும் பிறப்புப் பதிவேட்டிலும் தடுப்பூசிப் பதிவேட்டிலும் குடும்ப நலப் பதிவேட்டிலும் திரும்பத் திரும்ப எழுதப்படுவதற்குக் காரணம், ஒவ்வொரு திட்டமும் தன் பதிவேட்டைத் தானே அச்சிட்டு அனுப்புவது. கணினி வந்தபின் பல இடங்களில் அது மேலும் ஒரு பதிவேடாகச் சேர்ந்துகொண்டதே தவிர, பழையது ஒன்றும் விலகவில்லை. மாவட்டக் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் பேசும்போது செவிலியர் எழுந்து இந்தக் கட்டம் வேண்டாம் என்று சொல்லக்கூடிய சூழல் இல்லாத இடத்தில், பங்கேற்புக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு மட்டும் நிறைவாக இருக்கும்.

இதுவரை கூறியவற்றில் பயனர் என்பது எழுதுபவரையும் அலுவலகத்துக்குள் படிப்பவரையும் மட்டுமே குறித்தது. பதிவு எவரைப் பற்றியதோ அவரும் பயனரே என்ற எண்ணம் அண்மைக் காலத்தில்தான் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உள்ளாட்சி மன்றங்களின் பாதுகாப்பில் வளரும் குழந்தையின் கோப்பு, அக்குழந்தை பிறந்த நாளிலிருந்து 75 ஆண்டுகள் காக்கப்பட வேண்டும் என்பது விதி. வளர்ந்தபின் இத்தகைய குழந்தைகள் தம் கோப்பைக் கேட்டு வருவதற்குக் காரணம், குடும்பப் புகைப்படமோ பாட்டியின் நினைவோ இல்லாத அவர்களுக்குத் தம் இளமைக் காலத்தைச் சொல்லக்கூடியது அது ஒன்றே என்பது. கிடைப்பதோ, பிறரின் அந்தரங்கம் கருதிப் பல வரிகள் கருமையால் மறைக்கப்பட்ட, சமூகப் பணியாளர் தம் மேலதிகாரிக்காக எழுதிய அறிக்கைகளின் கட்டு. தாம் ஏன் பிரிக்கப்பட்டோம் என்ற கேள்விக்கு அதில் நேரான விடை இருப்பது அரிது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஆவணவியலார் 2017-இல் தொடங்கிய மிர்ரா என்னும் ஆய்வு, மன்றங்களின் பாதுகாப்பில் வளர்ந்தவர்களையே உடன் ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, இத்தகைய கோப்பு எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்தது. குழந்தையின் சொந்தக் குரலுக்கும் படங்களுக்கும் நினைவுப் பொருள்களுக்கும் கோப்பில் இடம் வேண்டும் என்பதும், எழுதும்போதே அக்குழந்தை ஒருநாள் இதைப் படிக்கும் என்ற எண்ணம் வேண்டும் என்பதும் இத்தகைய ஆய்வுகளிலிருந்து எழும் கோரிக்கைகள். சில மன்றங்களில் சமூகப் பணியாளர்கள் இப்போது குறிப்புகளைக் குழந்தையை முன்னிலைப்படுத்தியே எழுதுகின்றனர். நிகழ்ந்தது என்ன, முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பவை அக்குழந்தைக்கே சொல்வதுபோல் எழுதப்படுகின்றன.

இங்கே வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் இக்கட்டு, பழைய முறைகள் எவற்றிலும் இல்லாதது. இன்று 4 வயதான குழந்தையை வடிவமைப்புக் கூட்டத்துக்கு அழைத்துக் கருத்துக் கேட்க முடியாது. முன்பு மன்றங்களின் பாதுகாப்பில் வளர்ந்து இன்று நடுவயதை எட்டியவர்களே அக்குழந்தையின் சார்பில் அமர வேண்டியிருக்கிறது. அவர்கள் வலியுறுத்தும் தேவைகளுள் சில, எழுதுபவரின் நேரத்தோடும் தணிக்கையாளர் விதிக்கும் காலக்கெடுக்களோடும் நேராக மோதுகின்றன. புகைப்படத்துக்கும் கடிதத்துக்கும் இடம் தரும் முறை, எண்ணிக் கூட்டுவதற்கு ஏற்ற முறையாக இருப்பதில்லை. அத்துடன் கோப்பின் ஆயுள் 75 ஆண்டுகள் என்றால், அதைத் தாங்கும் மென்பொருள் அக்காலத்துக்குள் பலமுறை மாற்றப்பட்டாக வேண்டும். பதிவுகளை அவற்றின் தேதி, எழுதியவர், இணைப்புகள் ஆகியவை சிதையாமல் வேறொரு முறைக்கு மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையை மன்றங்கள் முதல் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டியிருப்பதும், அந்த வாசகத்தை வற்புறுத்த ஆவணக் காப்பாளர் ஒருவர் கொள்முதல் குழுவில் தேவைப்படுவதும் இதனால்தான்.